பல் இருந்தபோது பேசி வைத்தவை

மாத்தளைப் பக்கம் அலுவிகாரை ரோட்டில் நான் வேலைபார்க்கும் வாசனைப்பொருள் தோட்டத்துக்கு வந்துபோன வெள்ளைக்காரர்களிடம் பதினோரு வருடமாக நான் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. அதனால்தான் அவ்வளவு நன்றாகச் சொல்ல முடிந்தது. மிளகுக் கொடி, கறுவா, ஜாதிக்காய், ஏலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போவேன். கடைசியில் கிராம்பு மரத்தடியில் நின்று ஒரு மொட்டைக் கிள்ளிக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, "நோ டென்டிஸ்ட், சேர்! லுக்!" என்று முப்பத்திரண்டையும் காட்டுவேன். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் கடைப்பக்கம் போய் கிராம்பு எண்ணெயில் ஒரு போத்தலாவது வாங்குவார்கள். உள்நாட்டுச் சண்டை மூண்ட வருடங்களில் பஸ்ஸில் வந்த கூட்டம் வேனாகச் சுருங்கியது, சில வாரங்களில் ஒருவரும் வரவில்லை. அப்போதும் மொட்டைக் கடைவாயில் வைத்துக்கொண்டுதான் மிளகு காயப்போடுவேன். பழக்கம் அப்படி.

இதை எழுத உட்கார்ந்ததே அந்தப் பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான். கிராம்பு பல்வலியை மரத்துப்போகச் செய்யும். வலியைக் கொண்டுவந்த நோயை ஒன்றும் செய்யாது. எனக்கு வருடக்கணக்காக ஈறில் இரத்தம் கசிந்தது. பல் விளக்கித் துப்பினால் சிவப்பாக இருக்கும். கடைவாய்ப் பற்கள் இரண்டை நாக்கால் தள்ளினால் ஆடும். நாற்பது வயதாகப் போகிறது, ஆடாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். உங்கள் வாய் நாறுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஆளும் அப்போது வீட்டில் இல்லை.

அந்த ஆள் என் மனைவி பாக்கியம். யட்டவத்தைப் பக்கம் நாங்கள் வாங்கிய துண்டுக் காணியில் நான்கு சுவர் எழும்பி, மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கூரை போடுவதற்காக இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போன பிறகு, அந்தச் சுவரோரம் போட்ட ஓலைக் கொட்டிலில் நான் தனி ஆள். அடுத்த வீட்டில் என் தங்கை லெட்சுமியும் அவள் புருஷனும் இருந்ததால் சோறு கிடைத்தது.

பாக்கியத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் வேலைபார்த்த குவைத் வீட்டில் டெலிபோன் பேசவும் விடமாட்டார்கள். அதனால் எங்களுக்குள் கசெட்தான். மாதம் ஒன்று இங்கிருந்து போகும், ஒன்று அங்கிருந்து வரும். எங்கள் பக்கத்தில் புருஷனையோ பெண்டாட்டியையோ வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள். நான் ஒரு பக்கத்து முப்பது நிமிடத்தையும் நிரப்பாமல் விடமாட்டேன். வாயை வைத்துப் பிழைப்பவன் அல்லவா! "ஏங்க, ஒங்க கசெட்டப் போட்டா கொத்து ரொட்டிக் கடை வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கு. நிப்பாட்டவே மாட்டேங்குது" என்று ஒருமுறை கேலி செய்தாள். அவள் பத்து நிமிடம் பேசுவாள். பேசி முடித்தபின் பொத்தானை அழுத்தாமல் விட்டுவிடுவாள். அந்த வீட்டின் ஏசிக் குளிர்ப்பெட்டி இரைச்சல், யாரோ அரபியில் கூப்பிடுவது, இவள் செருப்புச் சத்தம் ஓடுவது எல்லாம் அதில் பதிந்திருக்கும். அவள் பேச்சை ஒருமுறை கேட்பேன், அந்தச் செருப்புச் சத்தத்தை நாலைந்து முறை கேட்பேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

அவள் போய் ஒரு வருடம் ஆன சமயத்தில் எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. பொழுது சாயும்போது குளிரெடுக்கும், விடியும்போது பாய் நனைந்திருக்கும், பகலில் ஒன்றும் தெரியாது. மலேரியா என்று இரத்தம் பார்த்தார்கள், இல்லை. நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபாய்டு, என்று குளிசை தந்தார்கள், விழுங்கினேன், கேட்கவில்லை. ஐந்து வாரத்தில் சாரம் இடுப்பில் நிற்காமல் போனது. கிராம்பு மரம் வரை ஏறும் சின்ன மேட்டில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். லெட்சுமி ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே இது, நகத்துக்குள்ள செராய் குத்துன மாதிரி கோடு கோடா?" என்றாள். முள் எதுவும் குத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. மறுநாளே மாத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர் முகம் சுருங்கி, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். வழியில் இரண்டு இடத்தில் இராணுவக்காரர்கள் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். நோயாளி என்று சொன்ன பிறகும், குண்டு கட்டியிருக்கவில்லை என்று சட்டையைத் தூக்கிக் காட்டத்தான் வேண்டியிருந்தது. அந்தக் காலம் அது.

வார்ட்டில் இருந்த டாக்டர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது. என் நகத்தைப் பார்த்தார், கண் இமையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு யாரும் கேட்காததைக் கேட்டார். "சின்ன வயசில எப்பவாவது முழங்கால் எல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததோ?"

வந்ததுதான். ஒன்பது வயதில் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பிராவில், அந்த வரிசை வீட்டு அறையில், மூட்டு மூட்டாய் வீங்கிக் கிடந்தேன். தோட்டத்து மருந்துக்காரர் கலக்கித் தந்த தண்ணி மருந்தைக் குடித்தேன், சரியாகிவிட்டது, மறந்தும்விட்டேன். அதைச் சொன்னதும் டாக்டர் அம்மா, "வாயைத் திறவுங்கோ பாப்பம்" என்றார். திறந்தேன். பதினோரு வருடம் ஊருக்கெல்லாம் காட்டிய வாய் அது. அவர் ஈறை அழுத்திப் பார்த்துவிட்டு, விரலில் ஒட்டிய இரத்தத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று முறை, வெவ்வேறு கையில், இரத்தம் எடுத்தார்கள். அதைப் போத்தலில் விட்டுக் கதகதப்பாக வைத்து, கிருமி ஏதாவது முளைக்கிறதா என்று பார்ப்பார்களாம். எக்கோ என்ற பரிசோதனைக்கு நான்கு நாள் காத்திருந்தேன். நெஞ்சில் குளிர்ந்த கூழைத் தடவி, ஒரு கட்டையை வைத்து அழுத்த, பக்கத்திலிருந்த சின்னத் திரையில் என் இருதயம் தெரிந்தது. என்னதான் ஆனாலும் அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அதில் கதவு மாதிரித் திறந்து மூடும் ஒன்றின் ஓரத்தில், பஞ்சுத் துணுக்கு ஒட்டியதுபோல ஏதோ ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

டாக்டர் அம்மா என் டிக்கட்டின், அதாவது நோய் விவரம் எழுதும் அட்டையின், பின்பக்கம் படம் போட்டு விளங்கப்படுத்தினார். இருதயத்துக்கு நாலு அறை. அறைக்கு அறை கதவு, அதுதான் வால்வு. சின்ன வயதுக் காய்ச்சல் ஒரு கதவைத் தழும்பாக்கிவிட்டுப் போயிருக்கிறது. "உங்கட முரசு அழுகிக் கிடக்கு" என்றார். ஈறைத்தான் அவர்கள் ஊரில் முரசு என்பார்களாம். "சாப்பாடு சப்பேக்க, பிரஷ்ஷால பல் மினுக்கேக்க அதிலயிருந்து கிருமி இரத்தத்துக்குள்ள போகும். சுகமான வால்வெண்டால் கழுவுப்பட்டுப் போயிடும். தழும்பான இடத்தில ஒட்டிப் பிடிச்சு வளரும். போத்தல்ல முளைச்சதும் வாயில இருக்கிற கிருமிதான்."

"கிராம்பு வச்சிருந்தேனேங்க?" என்றேன்.

"அதுதான் வலி தெரியேல்லை. வலிச்சிருந்தால் எப்பவோ வந்திருப்பியள்."

நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, ஆறு வாரத்துக்கு. கேட்கவில்லையென்றால் வால்வு கிழியும், கொழும்புக்கு அனுப்பி நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். அவர் போன பிறகு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அழுதேன். செத்துப்போவேன் என்ற பயம் பாதி. மீதிப் பாதி, செத்தால் அவளைப் பார்க்காமல் சாவேனே என்பது. பக்கத்துக் கட்டிலில் குணபால என்று ஒரு வயசாளி, யட்டவத்தைக்கு அப்பால் வயல் செய்கிறவர், அவருக்கும் இருதயந்தான். "பயவெண்ட எபா, மல்லி" என்றார். பயப்படாதே தம்பி என்று அர்த்தம். அவர் மனைவி கொண்டுவந்த கிரிபத் பாற்சோற்றில் ஒரு துண்டை என் தட்டில் வைத்தார். 

ஊசி குத்திக் குத்திக் கை வீங்கும், நர்ஸ் மிஸ்ஸி கையை மாற்றுவார். ஒவ்வொரு ஊசிக்கும் குவைத்தில் இப்போது என்ன நேரம் என்று கணக்குப் பார்ப்பேன். காலை ஊசிக்கு அவள் இன்னும் எழும்பியிருக்கமாட்டாள். பத்து மணி ஊசிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு அவள் தலை வாரிக்கொண்டிருக்க, எனக்குத் தண்ணீர் எடுத்துத் தர அவள் இல்லை என்று ஆத்திரமாக வரும். யார்மேல் ஆத்திரப்படுவது? கூரை கூரை என்று இரண்டு வருடமாக அரித்தவன் நான்தான்.

அவளிடம் சொல்லக்கூடாது என்று முதல் நாளே லெட்சுமியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். உக்குவளைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, புருஷனுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு, எஜமானி விடாததால் வீட்டைவிட்டு இறங்கி ஓடி, மாதக்கணக்கில் அந்த நாட்டுச் சிறையில் கிடந்துவிட்டு வந்தாள். பாக்கியமும் அதே ரகம். கேட்டால் ஒரு நிமிடம் நிற்கமாட்டாள். வந்துவிடு என்று கத்தவேண்டும் போல நெஞ்சு கிடந்து தவித்தது. அதனாலேயே வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் பல் டாக்டர் வந்தார். மேல் வரிசையில் ஒன்றும் தேறாது, கீழே ஆறு தேறாது, எல்லாவற்றையும் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் திரும்பவும் இதே கதைதான் என்றார். ஊசி மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட வேண்டுமாம். ஈறு ஆறி அமர மூன்று மாதம், அதற்குப் பிறகுதான் பல் கட்டலாம்.

எனக்கு முதலில் வந்த கவலை சோறு அல்ல, கசெட். பல்லில்லாத வாயால் பேசினால் முதல் வார்த்தையிலேயே பிடித்துவிடுவாள். அப்போதுதான் அந்த அபாரமான யோசனை தோன்றியது. பல் இருக்கும்போதே மூன்று மாதத்துக்கும் பேசி வைத்துவிட்டால்?

லெட்சுமி ரேடியோவையும் மூன்று கசெட்டையும் கொண்டுவந்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, வார்ட்டின் பின்னால் துணி காயப்போடும் முற்றத்துப் படியில் உட்கார்ந்து பேசினேன். முதல் கசெட் தீபாவளி. ஆட்டுக்கறி எடுத்தது, லெட்சுமி சுட்ட முறுக்கு கல்லாகிப்போனது, மழைக்கு வெடி நமுத்துப்போனது. அப்போது புரட்டாசி. முறுக்குக்கு மாவே அரைக்கவில்லை. நான் குஷியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது. வாசல் காவலில் இருந்த பொலிஸ்காரர்கள் இருவர். தமிழன் ஒருவன் மறைவில் உட்கார்ந்து மெஷினோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் அந்த வருடங்களில் வேறு எப்படி நினைப்பார்கள்?

ரேடியோவை வாங்கி ஓடவிட்டார்கள். ஒருவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது. "தீபாவளிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குதானே? நேத்து தீபாவளி சொல்றே. இது என்ன கோட் வேர்ட்?"

 நான் சிங்களம் சரளமாகப் பேசுகிறவன். வாயைத் திறந்து பல்லைத்தான் காட்டினேன். நல்லவேளை, குணபால வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்து, கதை முழுவதையும் அவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னார். நாளைக்கு மறுநாள் இவனுக்குப் பல்லெல்லாம் பிடுங்கப் போகிறார்கள், பெண்டாட்டி வெளிநாட்டில், அவளுக்குத் தெரியக்கூடாது. தமிழ் தெரிந்தவர் என்னையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பேட்டரி இறங்குது, சுறுக்கா பேசி முடி" என்று திருப்பித் தந்துவிட்டு, நான் இரண்டாவது கசெட்டில் கார்த்திகை விளக்கைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை மதிலோரம் நின்றார். மூன்றாவது கசெட்டை அடுத்த நாள் பேசினேன். அதில் கிராம்பு பறிப்புத் தொடங்கியிருந்தது.

பற்கள் இரண்டு தவணையில் போயின. வலியைப் பற்றி எழுத ஆசையில்லை. கண்ணாடியில் பார்த்தபோது முகத்தின் கீழ்ப்பாதியை யாரோ மடித்து வைத்ததுபோல இருந்தது. லெட்சுமி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து சோற்றைக் குழைய வடித்து, பருப்பும் ரசமும் விட்டுப் பிசைந்து, தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். இரண்டு பஸ் மாறி வருகிறவள் அவள்.

தீபாவளிக் கசெட் தபாலில் போன பிறகு, பாக்கியத்தின் கசெட் வந்தது. லெட்சுமி அதை ரசச் சட்டியோடு கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். போர்வைக்குள் வைத்துக் கேட்டேன். ஊர்ப் புதினம் இரண்டு விசாரித்துவிட்டு அவள் சொன்னாள். "ஏங்க, எனக்குக் கடவாப் பல்லு வலி தாங்க முடியல. ஈறு வீங்கி, வெளக்குனா ரெத்தமா வருது. நீங்க தந்த கிராம்பத்தான் வச்சிக்கிட்டு இருக்கேன். வச்சா கேக்குது. வேற என்னா செய்யணும்னு சொல்லுங்க."

அவள் கிளம்பும் அன்று ஒரு பால்மா டின் நிறையக் கிராம்பை அமுக்கி, பெட்டியில் வைத்தவன் நான். அதைவிட வேறு மருந்து கிடையாது என்று அடித்துச் சொன்னவனும் நான்.

டாக்டர் அம்மாவிடம் ஓடினேன். எல்லாருக்கும் இருதயத்துக்கு ஏறாது, பதறாதேங்கோ என்றார். ஆனால் ஈறில் சீழ் வைத்தால் யாரும் சும்மா விடக்கூடாது. "அவவுக்கும் சின்ன வயசில அந்த முழங்கால் காய்ச்சல் வந்ததோ? வந்திருந்தால் கவனமா இருக்கவேணும். பல் பிடுங்கிறதெண்டாலும் முதலே மருந்து குடிக்கவேணும்."

எனக்குத் தெரியவில்லை. பதினான்கு வருடம் ஒரே காம்பிராவில் படுத்து எழும்பியிருக்கிறேன். என் ஒன்பது வயதுக் கதையை அவளை ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிப்பாள். அவளுடைய எட்டு வயது, ஒன்பது வயது பற்றி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.  

அதற்குப் பிறகும் உடனே சொன்னேனா என்றால், இல்லை. இதை ஒளிக்காமல் எழுதவேண்டும். சொன்னால் என் வாயும் வெளிப்படும், அவள் ஓடி வருவாள், சிறை என்று ஒரு பக்கம் பயம். பல்வலிதானே, தானாக அடங்கும் என்று இன்னொரு பக்கம் சமாதானம். ஆறு வாரம் முடிந்து, எக்கோவில் அந்தப் பஞ்சுத் துணுக்கு கரைந்திருந்தது தெரிந்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். வால்வு கொஞ்சம் ஒழுகுமாம், மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போனால், லெட்சுமியின் புருஷனும் பக்கத்துக் காணிக்காரர்களும் சேர்ந்து, பாக்கியம் அனுப்பியிருந்த காசில் கூரைக்குத் தகரம் அடித்து முடித்திருந்தார்கள். நான் அதன் கீழே நின்று மேலே பார்த்தேன். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவள் முகம்தான் வந்தது. கார்த்திகை பிறந்ததும் கார்த்திகைக் கசெட்டையும் தபாலில் சேர்த்தேன், கோழை.

அடுத்த கசெட்டில் அவள் சொன்னாள். "பல்லு வலி கொறைஞ்சிருச்சுங்க, ஒங்க கிராம்பு கேட்டிருச்சு. பொழுதுபட்டா மட்டும் லேசா காய்ச்சல் மாதிரி இருக்கு. இந்தக் குளிர்ப்பெட்டிக் காத்துதான் ஒத்துக்கல போல."

பொழுதுபட்டால் காய்ச்சல். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் பேசி அனுப்புறேண்ணே" என்றாள் லெட்சுமி. "நீங்க பேசுனாத்தானே தெரியும்?"

"ஒன் கொரல்ல போனா அவ நான் செத்துட்டேன்னுதான் நெனப்பா."

புதுக் கசெட் கையில் இல்லை. மிச்சமிருந்த கிராம்பு பறிப்புக் கசெட்டை எடுத்து, அதன் மேலேயே பேசினேன். முதலில் என் பேச்சு எனக்கே பிடிபடவில்லை, காற்றுத்தான் வந்தது. "பாக்கியம், நான்தான். பயப்படாத. எனக்குப் பல்லு இல்ல, உசிரு இருக்கு." எல்லாவற்றையும் சொன்னேன். ஈறு, கதவு, கிருமி, ஊசி, தீபாவளிப் பொய். அந்தக் கிராம்பைக் குப்பையில் போடு, எஜமானியின் காலைப் பிடித்தாவது பல் டாக்டரிடம் போ, ஓடி மட்டும் வராதே, நான் இருக்கிறேன் என்றேன். பிறகு கேட்டேன். சின்ன வயதில் உனக்கு முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததா? யார் பார்த்தார்கள்? இப்போது மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா? அங்கே உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? எங்கே படுக்கிறாய்? கேட்கத் தொடங்கினால் எத்தனையோ இருந்தன. பல்லில்லாத வாய் சீக்கிரம் களைத்துவிட்டது. முப்பது நிமிடம் நிரப்புகிறவன் பன்னிரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

பதில் வர ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தோடு பார்த்தால் ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு வாரம் ஒன்றுமே இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒழுகுகிற வால்வு என்பதால், அடிப்பது எந்தக் காரணத்தால் என்ற சந்தேகம் வேறு. தோட்டத்தில் முதலாளி என்னை முன்வாசலிலிருந்து எடுத்துக் காயப்போடும் முற்றத்துக்கு மாற்றிவிட்டார். பல்லில்லாதவன் கிராம்பு எண்ணெயை எப்படி விற்பான்? அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மிளகை அள்ளிப் பரப்பிக்கொண்டே, ஒரு நாளைக்கு நூறு தடவை, அவளுக்கு இன்றைக்கும் காய்ச்சல் அடிக்கிறதோ என்று நினைப்பேன்.

தை பிறந்து சில நாளில் கசெட் வந்தது. லெட்சுமியை வெளியே போகச் சொல்லிவிட்டுப் போட்டேன்.

"ஏங்க... யாரோ கெழவன் பேசுறான், கசெட்டு மாறிப் போச்சுன்னு நிப்பாட்டப் போனேன். அப்பத்தான் என் பேரச் சொன்னீங்க. குளிக்கிற ரூமுக்குள்ள போய் வாயில துணிய வச்சிக்கிட்டு அழுதேன். ரெண்டு கசெட்டா நான் கேட்ட எதுக்கும் பதிலே இல்ல. எனக்குச் சந்தேகமே வரலங்க. இந்த மனுசன் எப்பவும் இப்படித்தானே, தன் பாட்டுக்குப் பேசுவாருன்னு விட்டுட்டேன்."

இங்கே நான் நிறுத்தினேன். வெளியே போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி போட்டேன்.

"முட்டி வீங்குன காய்ச்சல் எனக்கும் வந்திச்சு. எட்டு வயசுல. அம்மா முதுகுல சொமந்துக்கிட்டு மருந்து காம்பிராவுக்குப் போனாங்க, அவங்க முதுகு சூடா இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. நீங்க கேட்டதாலதான் சொல்றேன். இந்த வீட்டுப் பெரிய பொண்ணு நல்லவ. அவகிட்ட அழுது சொன்னேன், அவ இங்கிலீஸ்ல டாக்டர்கிட்ட சொன்னா. அவர் நெஞ்சுல கொழாய வச்சுப் பாத்துட்டு, ரெத்தமும் சோதிச்சுட்டு, நெஞ்சுல ஒண்ணும் பிடிக்கல, நல்ல நேரத்துல வந்தேன்னு சொன்னாராம். மொதல்ல மருந்து குடுத்து, பொறகு பல்ல எடுத்தாரு. இப்பக் காய்ச்சல் இல்ல. ஓடி வரல, பயப்படாதீங்க. கிராம்பக் குப்பையில போடச் சொன்னீங்க. போடல. வாயில வைக்கிறதில்ல, தலமாட்டுல வச்சிருக்கேன். தெறந்தா நீங்க வேலையிலேருந்து வர்ற வாசம்."

பிறகு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எங்கே படுக்கிறாள், என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள், எந்த ஜன்னலில் வானம் தெரிகிறது என்று. அந்தப் பக்கம் முடிந்து மறுபக்கத்திலும் பேசியிருந்தாள். கடைசியில் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன்.

"ஒண்ணு ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனக்கிறேன். நீங்க பேசி முடிச்சதும் கசெட்டுல ஒங்க பழைய கொரலு வந்திச்சு. பல்லோட. பாதியில இருந்து, 'மொட்டு செவக்கத் தொடங்கிருச்சு பாக்கியம், ஏணியெல்லாம் எறக்கியாச்சு'ன்னு. அத எத்தன தடவ கேட்டேன்னு கேக்காதீங்க. ஏங்க, பல்லு கட்டுறத நான் வந்த பொறகு கட்டுங்க. என்கிட்ட ஒளிச்சத நான் ஒருக்கா கண்ணால பாக்கணும்."

பல் கிளினிக்கில் இரண்டு தவணையைத் தள்ளிப்போட்டுவிட்டேன். பல் டாக்டர் ஏசுகிறார். காரணத்தைச் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை. லெட்சுமி இன்னும் எனக்குச் சோறு குழைய வடிக்கிறாள். பாக்கியம் வர இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

நேற்று பின்நேரம் இந்த மாதக் கசெட்டைப் பேச உட்கார்ந்தேன். கேட்கவேண்டியதைக் கேட்டேன், அவள் கேட்டிருந்ததற்குப் பதில் சொன்னேன். பாதிப் பக்கத்துக்கு மேல் மிச்சமிருந்தது. அப்போது சித்திரை மழை பிடித்தது. நான் பொத்தானை அழுத்தாமல், ரேடியோவை வீட்டின் நடுவில் வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன். அவள் போட்ட கூரையில் மழை விழும் சத்தத்தை அவள் இன்னும் கேட்டதில்லை.